பல் போன கத்தி

"இதுல பல்லு எங்கேய்யா?"

மடக்குக் கத்தியை விரித்துக் கடையின் கண்ணாடி மேஜைமேல் 'டங்' கென்று வைத்தார் அண்ணன். படகு எஞ்சின்களைப் பழுது பார்க்கிறவர். கை ஒவ்வொன்றும் ஒரு சுத்தியல் கனம் இருக்கும். கத்திக் கடைக்காரர் நாற்காலியோடு ஓர் அடி பின்னால் போனார்.

"என் தம்பி உன்கிட்டதானே வாங்கினான்? பல்லு வெச்ச கத்தி, எந்தக் கயித்தையும் அறுத்துடும்னு நீதானே சொல்லி வித்தே? நேத்துதான் அவனை அடக்கம் பண்ணிட்டு வந்திருக்கேன்."

விஷயம் துறைமுகத்துக்கே தெரியும். வலையோடு ஓடிய கயிறு தம்பியின் காலைச் சுற்றி அவனையும் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டது. படகில் கூட இருந்தது கூட்டாளி ஒருவன்தான். அவன் எஞ்சினை நிறுத்தி, பின்பக்கம் ஓடிவந்து மேலே இழுத்துப் போட்டபோது எல்லாம் முடிந்திருந்தது. இடுப்பு வாரில் கோத்த சங்கிலியில் கத்தி திறந்தபடி தொங்கியது.

கடைக்காரர் தயங்கித் தயங்கிக் கத்தியை எடுத்தார். விளிம்பைப் பார்த்ததும் பயம் போய்விட்டது. கத்தி என்று வந்துவிட்டால் அவருக்குக் கொலைகாரனும் ஒன்றுதான், வாடிக்கையாளரும் ஒன்றுதான். இழுப்பறையிலிருந்து மூன்று மடக்குக் கத்திகளை எடுத்து விரித்து வைத்தார்.

"பல்லுன்னா எல்லாம் ஒரே பல்லு இல்லைண்ணே. இது பொடிப் பல்லு, எலி கடிச்ச மாதிரி இருக்கா? துணிக்கு, அட்டைப்பெட்டிக்குச் சரி. தடிக் கயித்துல நார் சிக்கிக்கிட்டு நின்னுடும். இதுல பாதி மழமழன்னு இருக்கும், பாதி பல்லு. எதுக்கு வாங்கறோம்னே தெரியாதவங்க வாங்குவாங்க."

"என் தம்பி வாங்கினது?"

"இதோ, இது. பிறை பிறையா பெரிய பல்லு, ஒவ்வொரு பிறைக்கும் நடுவுல ரெண்டு கூர்ப்பல்லு. கூர்ப்பல்லு கவ்வும், பிறை அறுக்கும். பாசி புடிச்ச நைலான் கயிறுகூட நழுவாது."

அதைத் தம்பியின் கத்தியோடு ஒட்டிவைத்துக் காட்டினார். அதே கைப்பிடி, அதே முத்திரை. தம்பியின் கத்தியில் மட்டும் அலகு ஒரு பல் ஆழத்துக்கு ஒல்லியாக இருந்தது.

"இது தானா தேஞ்சது இல்லைண்ணே, தேச்சது. சக்கரத்துல வெச்சு அத்தனை பல்லையும் எடுத்திருக்காங்க. சூட்டுல விளிம்பு நீலம் பாஞ்சிருக்கு பாருங்க. இரும்போட பலம் போச்சு. ரெண்டு இழை அறுக்கறதுக்குள்ள மடங்கிடும்." அவர் குரல் தாழ்ந்தது. "பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க. இங்கே உசுரே போயிருக்கு."

"அவன் கவனிச்சிருக்க மாட்டானா?"

"உசுருக்கு ஆபத்துன்னா மட்டும் திறங்கன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன். அந்த மனுஷர் சொன்ன பேச்சைக் கேட்டிருக்கார்."

அண்ணன் கத்தியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

"ஆனா ஒண்ணு புரியலைண்ணே," என்றார் கடைக்காரர் பின்னாலிருந்து. "கீல்ல எண்ணெய் விட்டிருக்கு. கடல்ல ஊறியும் வெண்ணெய் மாதிரி மடங்குது. கெடுக்கறவன் அந்த வேலையை எதுக்குப் பண்ணணும்?"

அது அண்ணனின் காதில் ஏறவில்லை. அவர் மனத்தில் அப்போது ஒரே ஒரு முகம்தான் இருந்தது. குடித்துவிட்டுப் படகில் ஏறியதற்காகப் போன மாதம் தம்பி எல்லார் முன்னாலும் கூட்டாளியை அறைந்திருந்தான். "இதுக்கு நீ அனுபவிப்பே" என்று அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னதை அண்ணனே கேட்டிருக்கிறார். குடிகாரன் பேச்சு என்று அன்றைக்கு விட்டுவிட்டார்.

நேற்று அதே கூட்டாளி வாசலோரம் நின்று தேம்பித் தேம்பி அழுதான். பாவம் என்று அவன் தோளைத் தட்டிக்கொடுத்து, தண்ணீரும் கொடுத்தார் அண்ணன். பாம்புக்குப் பால் வார்த்த அந்தக் கையை இப்போது வெட்டிப் போடலாம் போல இருந்தது.

வீட்டை ஒட்டிய பட்டறைக்குள் போனார். சுவரில் மாட்டியிருந்த ஸ்பேனர்களில் பெரியதை எடுத்து ஒருமுறை ஓங்கிப் பார்த்தார். ஜெயிலோ தூக்கோ, எது வந்தாலும் வரட்டும். தம்பியைக் கொன்றவன் இன்றைக்குப் பொழுது சாயும்வரை இருக்கக்கூடாது.

திரும்பினால், கதவை மறித்துக்கொண்டு தம்பி மனைவி நின்றாள். அழுது அழுது அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"எங்கே மாமா கிளம்பிட்டீங்க?"

"ஒரு எஞ்சினை நிறுத்த வேண்டியிருக்கும்மா. வழியை விடு."

"அவர் கத்தி உங்ககிட்டதானே இருக்கு? அதைக் குடுத்துட்டுப் போங்க மாமா. கடைசியா அவர் கை புடிச்சிருந்தது அதைத்தானே."

கொடுக்காமல் போக அவருக்கு மனம் வரவில்லை. சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். அவள் விரிக்கப் பழகியவள் போலச் சட்டென்று விரித்து, முந்தானையால் அலகை அடியிலிருந்து நுனிவரை துடைத்தாள். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கத்தி மேல குறை சொல்ல முடியாது மாமா. அந்தக் கயிறு அவ்வளவு பொல்லாததா இருந்திருக்கு."

"நீ இதை முன்னாடியே பார்த்திருக்கியா?"

"பார்க்காம என்ன? விளிம்பு முழுக்கப் பல்லுப் பல்லாப் பேந்து கெடந்துச்சு, அவருக்குக்கூடச் சொல்லாம நான்தான் சாணை புடிச்சு வெச்சேன்."