கேம்ப்புக்கு ஒரு ஸ்டவ்

ஸ்ரீவில்லிபுத்தூர் கடையில் சத்தியநேசன் மூன்றாவது மண்ணெண்ணெய் ஸ்டவ்வையும் தூக்கிப் பார்த்தான். அவன் மனைவி அமிர்தவல்லி பக்கத்தில் நின்றாள்.

"இதைவிடச் சின்னது இருக்கா அண்ணாச்சி? கேம்ப்புக்குக் கொண்டு போகணும். தண்ணி சட்டுனு கொதிக்கணும்."

"எங்க கேம்ப்பு?"

"மகாராஜபுரம். அங்க காலரா."

கடைக்காரர் முகம் மாறியது. அமிர்தவல்லியிடம் திரும்பி, "ஏம்மா, போக வேண்டாம்னு நீ ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றார்.

"அவிய போகல அண்ணாச்சி. நர்சு நான். நான்தான் போறேன்."

சத்தியநேசன் திரியை ஏற்றி இறக்கிப் பார்த்தபடியே சொன்னான்:

"நானும் சொல்லிப் பார்த்தேன் அண்ணாச்சி. அங்க பிள்ளைக நோவுல கிடக்குதுகன்னு சொல்லிட்டா. தண்ணியவாவது கொதிக்க வச்சுக் குடிக்கட்டும்."

அமிர்தவல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.