தட்டினால் நிற்கும்

போட்டிருப்பதே தெரியக்கூடாது என்று யூஜின் அந்த ஹெட்போனை வருடக்கணக்காக இழைத்து இழைத்து வடிவமைத்திருந்தான். காதோரம் விரலால் ஒருமுறை தட்டினால் பாட்டு நிற்கும். மறுபடி தட்டினால் பாடும். சோதித்துப் பார்க்க வந்த ஜீனத் டீச்சர் சாய்ந்து உட்கார்ந்து நெடுநேரம் கேட்டார்.

"போட்ட மாதிரியே இல்ல சார்," என்றார்.

யூஜின் பூரித்துப்போனான். அவர் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றி, அணைத்து, மேசைமேல் வைத்தான்.

"ஏன், இன்னும் பாடுதே?" என்றார் டீச்சர்.

"கழட்டிட்டேன் டீச்சர். இதோ, இங்க இருக்கு பாருங்க."

டீச்சர் சிரித்துக்கொண்டே தன் வெறும் காதைத் தட்டினார். "ஆங், நின்னுடுச்சு. அப்பா, என்ன ஒரு அமைதி!"

வெளியே காத்திருந்த மகள் உள்ளே வந்து, "உம்மா, போலாமா?" என்றாள். டீச்சர் திரும்பவில்லை. தோளைத் தொட்டதும் மகளின் வாயசைவையே உற்றுப் பார்த்தார்.

"வாய்க்குள்ளயே முணுமுணுக்காதடி. சத்தமாச் சொல்லு."

மகள் சத்தமாகச் சொன்னாள். பிறகு கத்தினாள். டீச்சர் இருவரையும் மாறிமாறிப் பார்த்துப் புன்னகைத்தார்.

யூஜின் குனிந்து, டீச்சரின் காதைத் தானே மெல்லத் தட்டினான். அவர் முகம் மலர்ந்தது.

"வந்துடுச்சு சார்," என்று கண்களை மூடித் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். மகள் அவர் காதருகே குனிந்து இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.