ஆரோக்கியசாமிக்கு ஒரு ரொட்டி

"சவுரியம்மா செத்துப்போன புருஷனுக்கு ரொட்டி சுட்டுக் கல்லறையில வெக்கிறா, உபதேசியாரே. அவனும் வந்து தின்னுட்டுப் போறான்!"

தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்க்கும் இருதயராஜ் சொன்னதும் உபதேசியார் தேவசகாயத்துக்கு எரிச்சல்தான் வந்தது.

"பேயாவது பிசாசாவது! நாய் தூக்கிக்குனு போயிருக்கும்."

"நாய்னா கால்தடம் இருக்காதா? போய்ப் பாத்தோம். மண்ணுல இன்னாவோ இழுத்துக்குனு போன தடம்தான் இருக்குது. நாளைக்கு ஜெபம் முடிஞ்சதும் டேனரி ஆளுங்க எல்லாம் கடப்பாரையோட போறோம். குழியத் தோண்டிப் பொணம் உள்ள இருக்குதான்னு பாத்துடணும்."

ஆம்பூருக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் கிறிஸ்தவக் குடியிருப்புக்குப் பங்குச் சாமியார் எப்போதாவதுதான் வருவார். மற்ற நாளெல்லாம் ஜெபமும் கண்டிப்பும் தேவசகாயம்தான். பேய்க்குப் பயந்து கட்டிய தாயத்துகளை எத்தனையோ பேர் கையிலிருந்து அறுத்தெறிந்தவர். இதை விடுவாரா? நேரே சவுரியம்மாள் வீட்டுக்கு நடந்தார்.

வாசலிலேயே கள் வாடை. உள்ளே தொப், தொப்பென்று எதையோ அடிக்கும் சத்தம். கூடவே பேச்சு.

"ஆச்சு, ஆச்சு. கொஞ்சம் பொறு. பசிக்குதா?"

அவளைத் தவிர அந்த வீட்டில் வேறு யாரும் கிடையாது.

எட்டிப் பார்த்தார். சவுரியம்மாள் பலகையில் மாவை அறைந்து பிசைந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் ஈரத்துணி போர்த்திய சட்டி. அந்தத் துணி தானாக மேலே உப்பி, பெருமூச்சு விட்டதுபோல் அமுங்கியது. தேவசகாயம் தன்னை அறியாமல் ஓர் அடி பின்வாங்கினார்.

"இன்னாம்மா இது, கள்ளு வாடை?"

"மாவு பொங்கணுமே. வேலூர்ல துரை வீட்டுல சமைச்சப்ப கத்துக்குனது. கள்ளு ஊத்தினாதான் ரொட்டி மெத்துன்னு வரும்."

"யார்கிட்ட பேசிக்குனு இருந்த?"

பிசைந்த கை நின்றது. "அவர்கிட்டதான்."

"ஆரோக்கியசாமி காய்ச்சல்ல போய்ச் சேர்ந்துட்டான். குழியில மண்ணு போட்டவன் நான்."

"நீங்க மண்ணு போட்டுட்டீங்க. பசி போவலியே."

மாவை உருட்டி அடுப்பிலிருந்த சட்டியில் வைத்து மூடினாள். மூடிமேல் தணலை அள்ளிப் பரப்பினாள்.

"இன்னிக்கி அங்க ரொட்டி வெச்சீன்னா, நாளையில இருந்து கோயில் படி ஏறக் கூடாது. சொல்லிட்டேன்."

"சரிங்க" என்றாள், தலை தூக்காமல்.

பொழுது சாயும் நேரத்தில் தேவசகாயம் கல்லறைத் தோட்டத்துப் புளியமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். கொஞ்ச நேரத்தில் அவள் வந்தாள். புருஷன் கல்லறைமேல் வாழையிலையை விரித்து, ஆவி பறக்கும் ரொட்டியை வைத்தாள்.

"சாப்புடு" என்று உரக்கச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

ஒரு காக்கைகூடக் கத்தவில்லை. ரொட்டி மணம் மட்டும் சிலுவைகளுக்கு நடுவே சுற்றிச் சுற்றி வந்தது.

அப்புறம் அந்தச் சத்தம். சர்ர்ர்... சர்ர்ர்...

ஓரத்தில் யாரோ பழைய காலத்துத் துரையின் கல்லறை இடிந்து வாய் பிளந்து கிடந்தது. சத்தம் அதற்குள்ளிருந்துதான் வந்தது. இருட்டிலிருந்து ஒரு கை வெளியே நீண்டது. அதில் விரல்களே இல்லை. இன்னொரு கையும் வந்தது. அதிலும் இல்லை. ஓர் உருவம் வயிற்றால் ஊர்ந்து வந்து, இரண்டு மொண்ணைக் கைகளாலும் ரொட்டியைத் தடவி, கும்பிடுவதுபோல் அணைத்துத் தூக்கியது.

தேவசகாயத்துக்கு ஜெபம் மறந்துபோனது. கத்த வாயைத் திறந்தார்.

"சத்தம் போட்டுடாதீங்க. பாவம், பயந்துடுவா."

காதருகே சவுரியம்மாள்! எப்போது பின்னால் வந்து நின்றாளோ.

அப்போதுதான் அவர் அந்த முகத்தைப் பார்த்தார். ஒரு பொம்பளை. பெருவியாதி மூக்கைத் தின்றிருந்தது. கால்களைத் துணியால் சுற்றியிருந்தாள். ரொட்டியைக் கடித்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"மொதல்ல அவருக்குன்னுதான் வெச்சேன், உபதேசியாரே. அவருக்கு என் ரொட்டின்னா உசுரு. மறுநாள் பாத்தா காணோம். அவரே வந்துட்டாருன்னு சந்தோஷத்துல அழுதேன். அப்புறம் ஒளிஞ்சு நின்னு பாத்தேன்..." சவுரியம்மாள் மூச்சை இழுத்துவிட்டாள். "சோறும் வெச்சுப் பாத்தேன். வெரல் இல்லாம பாதி மண்ணுல சிந்திப்போச்சு. ரொட்டின்னா அணைச்சுப் புடிச்சுக் கடிச்சுக்குவா."

"இதை ஊருல சொல்லாம, செத்தவன் தின்றான்னு ஏன் சொல்லிக்குனு திரியற?"

"கோடையில தண்ணி கேட்டு வந்த ஒருத்திய ஊரே கல்லால அடிச்சுதே, அது இவதான். உயிரோட ஒருத்தி இருக்கான்னா கல்லெடுப்பாங்க. செத்தவன் வர்றான்னாதான் கிட்ட வர மாட்டாங்க."

அன்றைக்குத் தேவசகாயமும் அந்தத் தெருவில்தான் நின்றிருந்தார்.

மறுநாள் கோயிலில் நல்ல கூட்டம். வெளிச்சுவரில் கடப்பாரைகள் சாய்ந்திருந்தன. ஜெபம் முடிந்ததும் இருதயராஜ் எழுந்தான். தேவசகாயம் கையமர்த்தினார். பேய் பிசாசு என்று வாயைத் திறந்தாலே அடிக்க வருகிற மனிதர், பீடத்துக்கு முன்னால் நின்று சொன்னார்:

"கல்லறைப் பக்கம் யாரும் போகாதீங்க. ஆரோக்கியசாமி வர்றான். நேத்து என் கண்ணாலேயே பார்த்தேன்."