ஏறாத ஆப்

ஊழியர்கள் எங்கே சுற்றுகிறார்கள் என்று போட்டுக்கொடுக்கும் ஆப்பை எல்லோரும் போனில் ஏற்றிவிட்டார்கள், சேல்ஸ்மேன் ஒருவனைத் தவிர. மேனேஜர் அவனை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“பழைய போன் சார். ஏற மாட்டேங்குது.”

“கொடுய்யா, நான் ஏத்துறேன்.”

இருந்த படங்களையெல்லாம் அழித்தார், அணைத்துப் போட்டார், மறுபடி முயன்றார். போன் மசியவில்லை. இது தன் வேலைக்கே உலை வைத்துவிட்டது என்று சேல்ஸ்மேன் பயந்தான்.

“யாரு போட்டாலும் ஏறாதா?”

“சத்தியமா ஏறாது சார்.”

மேனேஜர் தன் புத்தம்புது போனிலிருந்து சிம்மைக் கழற்றிக்கொண்டு, போனை அவன் கையில் திணித்தார்.

“இதை நீ வச்சுக்கய்யா. உன்னோடதை எனக்குக் கொடுத்துடு. சாயங்காலம் என் போன்ல இதே ஆப்பைப் போடப்போறேன்னு என் பொண்டாட்டி சொல்லியிருக்கா!”