பிரேக் மாற்ற வந்தவர்

"பிரேக் பேட் மாத்த வந்தனான், தங்கச்சி. கார் எங்க நிக்குது?"

படலையடியில் நின்றவருக்கு ஐம்பது வயதிருக்கும். தலையில் தொழுகைத் தொப்பி, தோளில் ஸ்பானர் சாவிகள் கிலுங்கும் ஒரு பை. நிரோஷினிக்கு நெஞ்சு குளிர்ந்தது. கணவன் றிக்சனின் கூட்டாளி சிந்துஜன், கார் பார்க்க யாரையாவது அனுப்பிவைப்பதாகப் போன கிழமைதான் சொல்லியிருந்தான்.

"வாங்கோ நானா. பின்வளவுக்குள்ள நிக்குது."

ஓர்ஸ் ஹில் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போன அந்தக் காலையோடு றிக்சன் வாடகைக்கு ஹயர் ஓடுவதை விட்டுவிட்டான். பாலையூற்று வீட்டின் பின்வளவில் கார் தூசி படிந்து கிடந்தது. நிரோஷினி அவித்து விற்கிற இடியப்பத்தில்தான் வீட்டு அடுப்பு எரிந்தது. காரை விற்கவும் விடமாட்டான், தொடவும் மாட்டான். கேட்டால் எழுந்து போய்விடுவான்.

"இஞ்ச வாங்கோப்பா, பிரேக் பார்க்க ஆள் வந்திருக்கு."

வெளியே வந்த றிக்சன் அந்த மனிதரைக் கண்டதும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். முகம் வெளுத்துப் போயிற்று. காரைத் திறக்கப் போகிறார்கள் என்ற பயம் என்று நிரோஷினி நினைத்தாள்.

"பயப்படாதீங்கோ. நானா செய்வார், நீங்கள் சும்மா இருங்கோ."

"இல்ல தங்கச்சி," என்றார் அவர். "தம்பிதான் செய்யோணும். நான் பக்கத்தில இருந்து சொல்லுறன்."

றிக்சன் பையை வாங்கிக்கொண்டு பின்வளவுக்குப் போனான். ஜக் வைத்துக் காரை உயர்த்தி, முன்சில்லைக் கழற்றினான். அவன் கையிலிருந்து சாவி நழுவி நழுவி விழுந்தது. அவர் அதை எடுத்து எடுத்துக் கொடுத்தார்.

பழைய பேட் கழன்று வந்தது. முழுவதும் தேய்ந்து வெறும் இரும்புத் தகடுதான் மிஞ்சியிருந்தது.

"சத்தம் போட்டிருக்குமே?"

"ஓம்."

"கனநாளாவோ?"

"ஓம் நானா. பிறகு பாப்பமெண்டு விட்டனான்."

அவர் அந்தத் தகட்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு எழுந்து மதிலடிக்குப் போய், அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். திரும்பி வந்து பையிலிருந்து புதுப் பேட்டை எடுத்து நீட்டினார்.

"புதுசைப் போடுங்க தம்பி. மற்றச் சில்லையும் கழட்டுங்க."

நிரோஷினி பிளேன்ரீ கொண்டுவந்து கொடுத்தாள். "எந்தக் கராஜ் நானா நீங்கள்?"

"கராஜ் இல்ல தங்கச்சி. கிண்ணியாவில அரிசிக் கடை. வீட்டு வேனுக்கு நானேதான் பிரேக் மாத்துறது. சின்னச் சத்தம் கேட்டாலும் கழட்டிப் பாத்திருவன்."

"நல்ல பழக்கம். வீட்டில இருக்கிறவைக்குப் பயமில்லை."

அவர் குடிக்காமலே கோப்பையைத் தரையில் வைத்தார்.

கறுத்துப் போயிருந்த பிரேக் ஒயிலையும் மாற்றிய பிறகு, றிக்சனை ஸ்டியரிங்குக்கு முன்னால் இருத்தினார்.

"மிதிங்க. அப்படியே பிடிங்க. விடுங்க. இன்னொருக்கா."

முதலில் அடிமட்டம் வரைக்கும் இறங்கிய பெடல், கொஞ்சம் கொஞ்சமாக இறுகி வந்தது. மிதிக்க மிதிக்க றிக்சனின் கண்களிலிருந்து நீர் வழிந்தது. அழட்டும், பயம் கரைந்து போகட்டும் என்று அவள் தள்ளியே நின்றாள்.

"இனி ஓடிப் பாக்கோணும். ஓர்ஸ் ஹில் இறக்கத்தால போங்க."

"அதால மட்டும் ஏலாது நானா."

"அங்க கார் நிண்டாத்தான் தம்பி நான் நம்புவன்."

நிரோஷினி பின்சீற்றில் ஏறிக்கொண்டாள். றிக்சன் ஊர்ந்து ஊர்ந்துதான் ஓட்டினான். இறக்கத்தின் நடுவில் அவர் சொன்னார்: "இதில பிடிங்க."

கார் நின்றது. கீழே துறைமுகத் தண்ணீர் வெயிலில் பளபளத்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. தெருவோரத்தையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிக்குது," என்றார் மெதுவாக. "ஹயர் ஓடுங்க தம்பி. நீங்க எடுக்காட்டியும் நாளைக்கு ஆரோ ஒருத்தர் இதை ரோட்டுக்கு எடுக்கத்தான் போறாங்க. எடுத்தா நிக்கோணும்."

பையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கியவர், திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

"அருமையான மனுசன்," என்றாள் நிரோஷினி. "சிந்துஜனுக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லுங்கோ."

"சிந்துஜன் அனுப்பேல்லை."

"அப்ப ஆர் அவர்?"

றிக்சனின் கால் பிரேக்கிலிருந்து எழவில்லை.

"கோர்ட்டில பாத்தனான்," என்றான். "இதே இடத்தில என்ட கார் அடிச்சுச் செத்த பிள்ளையின்ட வாப்பா."