பேர் போடாத பாட்டு

“புதுப் பாட்டு மட்டும் வேண்டாம்மா. சனங்க எந்திரிச்சுப் போயிருவாவ” என்றார் கோவில்பட்டி சபாவின் செயலாளர் பூவனலிங்கம்.

இருபது வருடமாக, இன்று வாழ்கிறவர்கள் எழுதும் பாட்டுகளையே மேடையேற்றி வரும் வயலின் கலைஞர் சுதாராணி விடவில்லை. “இது உங்க ஊர்ப் பாட்டு அண்ணாச்சி. யாரோ பேர் போடாம, உங்க ஊர் முத்திரையோட எனக்குத் தபால்ல அனுப்பியிருக்காங்க. எழுதினவங்க காதுல விழணும்னுதான் இங்கயே வாசிக்க வந்தேன்.”

“அப்ப உங்க இஷ்டம்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அரைமணி நேரம் வாசித்தாள். பூவனலிங்கம் உட்காரவே இல்லை. வாசலருகே நின்று கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

மேடைக்குப் பின்னால் அவர் வந்தபோது, திட்டத்தான் வருகிறார் என்று சுதாராணி பயந்தாள். அவரோ நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ஒருத்தரும் எந்திரிக்கலையேம்மா!”

“எனக்கும் இப்பத்தான் உசுரே வந்துச்சு அண்ணாச்சி.”

“சரணத்துல ஒரு இடத்தை மாத்தி வாசிச்சிட்டீங்க” என்றார். “நான் எழுதினதை விட அதுதான் நல்லாருக்கு.”