இரண்டு வரிசை

எஃப்ரேன் ஜாக்கெட்டைக் கழற்றி நெஸ்டரிடம் நீட்டினான். முதுகில் தைத்திருந்த காக்கைச் சின்னம் இன்னும் புதுசாகவே இருந்தது.

பிராங்க்ஸில் அந்தத் தெருவை ஆண்டுகொண்டிருந்தது ‘இரும்புக் காக்கை’ கும்பல். நெஸ்டர் அதற்குத் தலைவன். அவன் சிரித்துப் பார்த்தவர் யாரும் கிடையாது.

“விலகிக்கிறேண்ணே.”

“எதுக்கு?”

“சனிக்கிழமை பூங்காவுல டான்ஸ் போட்டி.”

பூங்கா வேறொரு கும்பலின் எல்லை. காக்கை ஜாக்கெட்காரன் அங்கே கால் வைத்தால் முழுசாகத் திரும்ப முடியாது. ஆடுவதென்றால் கும்பலை விட்டுத்தான் ஆக வேண்டும்.

“சண்டைக்குக் கிளம்புறதுக்கு முந்தி நாம ஆடுற ஆட்டத்தைத்தானேடா அங்க போய் ஆடப்போற?” என்றான் நெஸ்டர்.

எஃப்ரேன் தலையாட்டினான். அந்தக் கால்வீச்சும் தரையில் விழுந்து எழுவதும் இங்கே கற்றதுதான்.

விலகுகிறவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. இரண்டு வரிசையாக எல்லோரும் நிற்பார்கள். நடுவே ஓடிக் கடக்க வேண்டும். கை ஓயும்வரை அடிப்பார்கள். போன வருஷம் ஓடியவன் இன்னும் நொண்டுகிறான்.

போட்டி முடிந்ததும் ஓடுகிறேன் என்று எஃப்ரேன் கெஞ்சிப் பார்த்தான்.

“நாளைக்குச் சாயங்காலம். அந்தக் காலை வச்சு என்ன ஆடுறேன்னு பாப்போம்” என்று சொல்லிவிட்டு நெஸ்டர் எழுந்து போய்விட்டான்.

மறுநாள் அக்கா நில்சா தம்பியின் இரண்டு முழங்காலிலும் துண்டைச் சுற்றி, மேலே தொளதொளவென்று கால்சட்டையைப் போட்டு அனுப்பினாள். நெஸ்டரின் கண்ணுக்கு அது தப்பவில்லை.

“அவுருடா அதை. தலையில கட்டிக்க.”

கும்பல் மொத்தமும் சிரித்தது. அவமானத்தில் எஃப்ரேனுக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டிக்கொண்டு, குனிந்து ஓடினான்.

இருட்டும் முன்பே தட்டுத்தடுமாறி வீடு வந்து சேர்ந்தான். முதுகு, தோள், கை எல்லாம் கன்றிப்போயிருந்தன. நில்சா உப்பு வெந்நீரில் துணியை நனைத்து ஒற்றிக்கொண்டே நெஸ்டரின் பரம்பரையையே சபித்தாள். அவன் மனுஷனே இல்லை என்றாள். நாளைக்கே அவன் வீட்டு ஜன்னலை உடைக்கப் போவதாகவும் சொன்னாள்.

கதவு தட்டப்பட்டது. பாப்போ நின்றிருந்தான், வரிசையில் முதல் ஆளாக நின்று அடித்தவன். கையில் ஒரு பை நிறைய ஐஸ்கட்டி. முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

“அடிக்கிறதையும் அடிச்சுட்டு ஐஸ் கொண்டு வர்றியா? வெக்கமா இல்ல?” என்றாள் நில்சா.

“வழக்கத்தை மீற முடியாதுக்கா. மீறினா நெஸ்டரோட தலைமையே போயிடும்.” பாப்போ பையை வாசலிலேயே வைத்தான். “கால் எப்படி இருக்கு?”

அப்போதுதான் நில்சா குனிந்து பார்த்தாள். தொடை, முழங்கால், கணுக்கால் என்று ஒவ்வொன்றாகத் தடவினாள். ஒரு கீறல்கூட இல்லை.

எஃப்ரேனும் தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டும் அவன் சொன்னபடி மடங்கின, நீண்டன.

“இது எப்படிடா?” என்றாள் நில்சா.

பாப்போ படியில் இறங்கிக்கொண்டே, திரும்பாமல் சொன்னான்.

“நேத்தே நெஸ்டர் எங்க எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லிட்டான்க்கா. இடுப்புக்குக் கீழ எவன் கை பட்டாலும், அடுத்து அவன்தான் ஓடணுமாம். நம்ம ஆட்டத்தை ஒருத்தனாவது சண்டை போடாம ஆடட்டும்டான்னான்.”